‘டம்மி அவுட்புட்’ என்று காட்டினால் மதர்போர்ட் பழுதா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, முதலில் அதைத் திருப்பிச் சொல்கிறேன். பம்பலப்பிட்டியில் 10ஆம் தலைமுறை இன்டெல் புரோசஸர் கொண்ட பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கடையில் வின்டோஸில் பாட்டுப் போட்டுக் காட்டியபோது சத்தம் நன்றாகக் கேட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நண்பர் தந்த யுஎஸ்பியால் வின்டோஸை அழித்துவிட்டு, லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 11ஐ நிறுவினீர்கள். அன்றிலிருந்து ஸ்பீக்கரிலும் சத்தமில்லை, ஹெட்போன் துளையிலும் சத்தமில்லை. ஒலி அமைப்புகளில் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒரே ஒரு பெயர்தான் தெரிகிறது. யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினால் மட்டும் கேட்கிறது. பழுதுபார்ப்பவர் ஒருவர் மதர்போர்டில் சவுண்ட் சிப் போய்விட்டது, மாற்றுவதற்கு 38,000 ரூபாய் வேண்டும் என்கிறார். நண்பரோ லினக்ஸை விட்டுவிட்டு ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு பணிசெயல் முறைமைக்கு மாறிப் பார்க்கச் சொல்கிறார். கடைக்காரர் தந்த ஒரு மாத உத்தரவாதம் முடிய இன்னும் 9 நாட்கள் இருக்கின்றன. எந்தக் கட்டளை கொடுத்தால் சத்தம் வரும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்கவேண்டியது, இது வன்பொருளின் பழுதா மென்பொருளின் குறையா என்பதும், அந்தப் பணத்தைக் கொடுப்பதா விடுவதா என்பதும்தான்.

கொழும்பில் பாடசாலைக் கணினி அறைகளையும் சிறு அலுவலகங்களையும் 16 வருடங்களாக லினக்ஸில் பராமரித்து வருகிறேன். மதர்போர்டைச் சாலிடர் செய்து பழுதுபார்க்கும் பயிற்சி எனக்கு இல்லை. ஆகையால் சிப்பைத் தொட்டுச் சொல்லவேண்டிய இடத்தில் என் வார்த்தையைவிட அந்தத் தொழில் தெரிந்தவரின் வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், அந்த 38,000 ரூபாயை இப்போது கொடுக்கவேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். உங்கள் கணினியில் ஒரு கோப்பு இல்லை என்பதே என் ஊகம். அது ஏன் வெறும் ஊகமாக மட்டும் நிற்கவில்லை என்பதையும், அதை நீங்களே எப்படி உறுதிசெய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

லினக்ஸில் ஒரு பாட்டு ஸ்பீக்கரை அடைவதற்கு நான்கு படிகளைக் கடக்கிறது. மேலே இருப்பது பாட்டை இசைக்கும் செயலி. அதற்குக் கீழே, பல செயலிகளின் ஒலியைக் கலந்து எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஒலிச் சேவையகம் இருக்கிறது. டெபியன் 11இல் அது பல்ஸ்ஆடியோ, புதிய வெளியீடுகளில் பெரும்பாலும் பைப்வயர். அதற்கும் கீழே, லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள், ஆல்சா என்னும் ஒலி அமைப்பும் வன்பொருளை இயக்கும் அதன் டிரைவர்களும் இருக்கின்றன. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் இருந்து லினக்ஸின் ஒலி இதன் வழியாகத்தான் போகிறது. அடியில் இருப்பது வன்பொருள். ஒலிப் பிரச்சினை எதுவாக இருந்தாலும் இந்த நான்கில் எந்தப் படியில் சத்தம் நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்காமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது, வீடு முழுக்க இருட்டாக இருக்கும்போது மெயின் சுவிட்சைப் பார்க்காமல் ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாற்றுவதைப் போன்றது.

யுஎஸ்பி ஹெட்செட்டில் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஒரு வரி மேல் இரண்டு படிகளையும் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. யுஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே தனியான சிறு சவுண்ட் கார்ட் உண்டு. அது மதர்போர்டின் ஒலிச் சிப்பைத் தொடாது. ஆனால் செயலி, பல்ஸ்ஆடியோ, ஆல்சாவின் பொதுப்பகுதி ஆகிய மூன்றையும் பாவிக்கிறது. அதில் சத்தம் கேட்பதால் அந்த மூன்றும் நலமாக இருக்கின்றன. எனவே பல்ஸ்ஆடியோவை அகற்றி மீண்டும் நிறுவுவது உங்கள் விடயத்தில் வீண்வேலை. மிச்சம் இருப்பவை இரண்டு: உள்ளக ஒலிக்கான டிரைவர், அல்லது உள்ளக ஒலி வன்பொருள்.

‘டம்மி அவுட்புட்’ என்ற சொல் பலரைப் பயமுறுத்துகிறது. அதன் பொருள் எளிமையானது. சேவையகம் தொடங்கும்போது தனக்குக் கீழே சவுண்ட் கார்ட் ஏதும் இருக்கிறதா என்று கெர்னலிடம் கேட்கிறது. ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால், செயலிகள் தடுமாறி நின்றுவிடாதபடி, ஒலியை வாங்கி எங்கும் அனுப்பாமல் விட்டுவிடும் ஒரு பொய்க் கருவியை உருவாக்கி வைக்கிறது. அதாவது அந்தச் சொல் ‘கெர்னல் எனக்கு ஒரு கார்டையும் காட்டவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. கெர்னல் ஏன் காட்டவில்லை என்று அது சொல்வதில்லை. சிப் எரிந்துபோயிருந்தாலும் இதே சொல் வரும். டிரைவருக்குத் தேவையான கோப்பு இல்லாவிட்டாலும் இதே சொல்தான் வரும். உங்கள் பழுதுபார்ப்பவர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இப்போது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரிக்கு வருகிறேன். லினக்ஸ் போட்டதிலிருந்து வைஃபையும் தெரியவில்லை, தொலைபேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து இணையம் பாவிக்கிறேன் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். கடையில் நன்றாக இருந்த ஒலியும் வைஃபையும் ஒரே நாளில், லினக்ஸ் நிறுவிய அதே மணித்தியாலத்தில், இரண்டு தனித்தனிச் சிப்கள் பழுதாகி நின்றன என்று நம்புவது கடினம். இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கவேண்டும். இன்டெல் மடிக்கணினிகளில் அந்தக் காரணத்தின் பெயர் பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது ஒரு சிப் தன் வேலையைச் செய்ய அதற்குள் இருக்கவேண்டிய நிரல்.

சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் விடை இருக்கிறது. 2004ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ என்ற ஏற்பாட்டின்படி, பல வருடங்களாக மடிக்கணினிகளில் ஒலி டிரைவருக்குத் தனியான ஃபர்ம்வேர் எதுவும் தேவைப்படவில்லை. லினக்ஸ் நிறுவினால் சத்தம் தானாக வந்தது. பிறகு திரையின் மேல்விளிம்பில் டிஜிட்டல் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அவற்றை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ஒலிப் புரோசஸருடன் இணைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிறிய புரோசஸர் தனக்கான நிரலைத் தன்னுள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கணினி தொடங்கும்போது கெர்னல் வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அதற்குள் ஏற்றவேண்டும். சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப், என்ற திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது இதற்காகத்தான். கணினி தொடங்கும்போது, மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரலான பயோஸ் தரும் தகவலைக் கெர்னல் பார்க்கிறது. டிஜிட்டல் ஒலிவாங்கி உண்டு என்று தெரிந்தால் இந்தப் புதிய வழியைத் தேர்கிறது, இல்லையென்றால் பழைய வழியில் போகிறது. புதிய வழியைத் தேர்ந்த பிறகு அந்தக் கோப்பு வட்டில் இல்லையென்றால் டிரைவர் பாதியில் கைவிட்டுவிடுகிறது. அப்போது ஒலிவாங்கி மட்டுமல்ல, ஸ்பீக்கர், ஹெட்போன், எச்டிஎம்ஐ ஒலி எல்லாமே சேர்ந்து காணாமல் போகின்றன. உங்கள் நண்பரின் கணினியில் அதே டெபியன் சத்தத்தோடு ஓடுகிறது என்றால், அது பழைய வழியில் போகும் கணினியாக இருப்பது காரணமாக இருக்கலாம்.

இதை நீங்களே பார்க்க முடியும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமையுடன் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுங்கள். டெபியனில் சாதாரணப் பயனருக்கு அது எதையும் காட்டாது. கெர்னல் தொடங்கியதிலிருந்து எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் வரும். அவற்றில் எஸ்ஓஎஃப் என்ற மூன்றெழுத்து வரும் வரிகளைத் தேடுங்கள். நான் சொல்வது சரியென்றால், இன்டெல் அடைவிலுள்ள ஒரு கோப்பின் பெயரும், அதை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும், வரியின் கடைசியில் ‘மைனஸ் 2’ என்ற எண்ணும் இருக்கும். அந்த 2 யுனிக்ஸ் உலகில் மிகப் பழைய எண். ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்பது அதன் பொருள். அதை மட்டும் நீங்கள் கண்டுவிட்டால் நோய் என்னவென்று நிச்சயமாகத் தெரிந்துவிடும். இன்டெல் வைஃபை டிரைவரின் பெயரான ஐடபிள்யூஎல்வைஃபை என்று தொடங்கும் வரிகளிலும் இதேபோன்ற புலம்பல் இருந்தால் வைஃபையின் கதையும் அதுவே.

டெபியன் 11இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இந்தக் கோப்புகள் வேண்டுமென்றேதான் சேர்க்கப்படவில்லை. முழுச் சுதந்திரமான உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேரைத் தங்கள் அதிகாரபூர்வ வட்டில் வைப்பதில்லை என்பது அந்தச் சமூகத்தின் நெடுநாள் கொள்கை. நான் அதை மதிக்கிறேன்; ஆனால் அதனால் எத்தனை பேர் நல்ல கணினியைப் பழுதென்று நினைத்தார்கள் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி அந்தக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் டெபியன் 11ஐ வைத்துக்கொள்வதாக இருந்தால், மென்பொருள் மூலங்களின் பட்டியல் கோப்பில் ‘மெயின்’ என்று இருக்கும் வரிகளின் பின்னால் ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட் என்ற பொதியையும் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை என்ற பொதியையும் நிறுவி, கணினியை முழுதாக அணைத்து மீண்டும் போடுங்கள். நிறுவி ஒரு மாதம்கூட ஆகவில்லை, முக்கியமான கோப்புகள் எதுவும் இல்லை என்றால், புதிய டெபியனை மீண்டும் நிறுவுவதையே நான் விரும்புவேன். பழைய வெளியீட்டில் தொடங்கி அதைத் தூக்கிப் பிடிப்பதில் பயனில்லை.

ஆனால் வட்டில் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவின் அண்மைய வெளியீட்டை ஒரு யுஎஸ்பியில் எழுதி, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற தெரிவில் ஓடவிடுங்கள். அதில் ஃபர்ம்வேர் சேர்ந்தே வரும். அதில் சத்தம் கேட்டால் உங்கள் ஒலிச் சிப், ஸ்பீக்கர், மதர்போர்ட் எல்லாம் நலம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை, இறந்த சிப் எந்த லினக்ஸிலும் பாடாது. சத்தம் கேட்கவில்லை என்றால் மறுதலையாக வன்பொருள் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில மாடல்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் தனியான ஒலிபெருக்கிச் சிப் ஒன்று இருக்கும், அதற்கு அந்த மாடலுக்கென்றே எழுதப்பட்ட சிறு திருத்தம் கெர்னலில் இருந்தால்தான் அது விழிக்கும். அப்படிப்பட்ட இயந்திரங்களில் ஹெட்போனில் கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது. உங்கள் மாடல் இலக்கத்தை நீங்கள் எழுதாததால் இதைப் பற்றி மேலே எதுவும் சொல்ல என்னால் இயலாது.

ஃபர்ம்வேர் ஏறி, ‘டம்மி அவுட்புட்’ மறைந்து, உண்மையான கார்டின் பெயர் வந்த பிறகும் மௌனம் தொடர்ந்தால் அது வேறு பிரச்சினை, ஆனால் சிறியது. அல்சாமிக்சர் என்று டெர்மினலில் தட்டுங்கள். முதலில் ஒரே ஒரு நெடுங்கம்பம்தான் தெரியும்; அது சேவையகத்தின் முகமூடி. எஃப்6ஐ அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று தனித்தனிக் கம்பங்கள் வரும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு பெட்டி உண்டு. அதற்குள் இரண்டு பூச்சியங்கள் இருந்தால் திறந்திருக்கிறது. இரண்டு ‘எம்’ இருந்தால் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது, கம்பம் உச்சியில் நின்றாலும் ஒரு துளி சத்தம் வராது. அந்தக் கம்பத்துக்குப் போய் எம் எழுத்தை ஒருமுறை அழுத்தினால் திறக்கும். வலது பக்கக் கடைசியில் ‘ஆட்டோ-மியூட்’ என்று ஒன்று இருக்கலாம். ஹெட்போன் செருகியிருப்பதாகக் கணினி நினைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரை அடைப்பது அதன் வேலை. இவையெல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால், ஒலி அமைப்புகளில் எச்டிஎம்ஐ தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் எங்கோ இல்லாத ஒரு தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஹெட்போன் துளையைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் ஜன்னல் திறந்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஒரு மாணவி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. இரண்டு முறை லினக்ஸை மாற்றி நிறுவியும் பார்த்திருந்தார். ஒலி அமைப்பைத் திறந்தால், ஒன்றும் செருகாமலேயே ‘ஹெட்போன்’ என்று காட்டியது. டோர்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பார்த்தபோது உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டின் ஓரத்தில் பச்சைப் பூப்போல் களிம்பு படிந்திருந்தது. செருகியை உணரும் சிறு ஆளி அந்தத் தகடுதான். உப்புக்காற்றில் அது ஒட்டிக்கொண்டதால் எப்போதும் ஹெட்போன் இருப்பதாகவே கணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கணினியை அணைத்து, பற்றரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட ஒரு பஞ்சுத் திரியால் துடைத்து, ஒரு பழைய ஹெட்போன் செருகியைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்ததும் தகடு விடுபட்டது. அதன் பிறகு சத்தம் வந்தது. கடலோரத்தில் பாவித்த இயந்திரங்களை வாங்கும்போது இந்தத் துளையை நான் முதலில் பார்ப்பேன். ஆனால் கவனியுங்கள்: இந்தக் குறை இருந்தால் கார்டின் பெயர் பட்டியலில் தெரியும். உங்களுக்குப் பெயரே தெரியவில்லை, ஆகவே இப்போதைக்கு உங்கள் துளைமீது எனக்குச் சந்தேகம் இல்லை.

இணையவழியில் வகுப்பு எடுக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால் ஒலிவாங்கியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. தேடினால், டிஎஸ்பி-டிரைவர் என்ற தெரிவுக்கு 1 என்ற மதிப்பைக் கொடு, சத்தம் வந்துவிடும் என்ற அறிவுரை உங்கள் கண்ணில் படும். அது பொய்யல்ல. கெர்னலைப் பழைய வழியில் வற்புறுத்தித் தள்ளும் தெரிவு அது; ஸ்பீக்கரில் பெரும்பாலும் சத்தம் வரும். ஆனால் பழைய வழிக்கு டிஜிட்டல் ஒலிவாங்கியைத் தெரியாது. பிள்ளைகள் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அதனால் அதை ஒரு பரிசோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னாளில் பாட்டு நின்று சில விநாடிகளில் ‘டக்’ என்றொரு ஒலி வருமானால், ஒலிச் சிப் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கப் போகிறது என்று பொருள். டிரைவரின் பவர்-சேவ் மதிப்பைப் பூச்சியமாக்கினால் நிற்கும். புளூடூத் ஹெட்செட் வாங்கினால், ஒலிவாங்கி திறந்தவுடன் பாட்டின் தரம் பழைய தொலைபேசியின் தரத்துக்கு இறங்குவதையும் பழுதென்று நினைக்கவேண்டாம். அது அந்தப் புளூடூத் முறையின் இயல்பு.

ஃப்ரீபிஎஸ்டிக்கு மாறும் யோசனையைப் பற்றி: அது நல்ல பணிசெயல் முறைமை, நானே சில வழங்கிகளில் ஓடவிட்டிருக்கிறேன். ஒலியை அது ஓஎஸ்எஸ் என்ற பழைய, எளிய முறையில் கையாள்கிறது. எஸ்என்டிஸ்டாட் என்ற சாதனக் கோப்பைப் படித்தாலே என்னென்ன ஒலிக்கருவிகள் இருக்கின்றன என்று தெரிந்துவிடும், அந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்டெல் வைஃபைக்கு அங்கேயும் ஃபர்ம்வேர் தேவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓப்பன்பிஎஸ்டி என்ற முறைமையோ தனியுரிமை கருதி ஒலிப்பதிவையே இயல்பில் அடைத்து வைத்திருக்கிறது. நீங்கள் கெர்னல் தெரிவொன்றைத் திறக்கும்வரை ஒலிவாங்கியில் மௌனம்தான் பதிவாகும். ஒரு கோப்பு இல்லாததற்காக முழு முறைமையையும் மாற்றவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு இருப்பது 9 நாட்கள். உபுண்டு யுஎஸ்பிப் பரிசோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும், அதை இன்றைக்கே செய்யுங்கள். அதில் சத்தம் வந்தால் பழுதுபார்ப்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஃபர்ம்வேரைப் போடுங்கள். அதிலும் ‘டம்மி அவுட்புட்’ என்றே வந்தால், டிமெஸ்ஜியில் ஒலி சம்பந்தப்பட்ட வரிகளையும் மடிக்கணினியின் மாடல் இலக்கத்தையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்து உத்தரவாதத்தைத் தவறவிடாதீர்கள். இயந்திரத்தை வேறு எவரும் திறப்பதற்கு முன், பற்றுச்சீட்டோடு வாங்கிய கடைக்கே கொண்டுபோய், அவர்களுடைய வின்டோஸ் யுஎஸ்பியில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் சத்தம் வராவிட்டால் அது அவர்கள் மாற்றித் தரவேண்டிய பழுது.